நெஞ்சுப் படம் யாருக்காக?

இறம்பொடையில் எனக்குச் சின்னம்மா முறையாகும் ஒருவர் இருக்கிறார். வயதில் என்னிலும் நான்கு ஆண்டுகளே மூத்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொழுந்து பறிப்பதில் கழித்தவர். இடையில் நான்கு ஆண்டுகள் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவர். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருக்கு இருமல் கண்டது. மலைநாட்டில் இருமலை எவரும் நோயாகக் கொள்வதில்லை. பனிக்கும் மழைக்கும் அடுப்புப் புகைக்கும் நாங்கள் கட்டும் வாடகை அது. தோட்டத்து மருந்துச்சாலையில் இருமல் பாணி கொடுத்தார்கள். அது முடிந்ததும் மறுபடியும் பாணி. நான்காவது மாதத்தில்தான் எக்ஸ்ரே எடுக்கும்படி ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

முதல் நாள் போனபோது இயந்திரம் பழுது. இரண்டாம் நாள் இலக்கம் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் படம் எடுத்தார்கள்; ஆனால் பிலிம் இல்லை, திரையில் தெரிவதைத் தொலைபேசியில் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். சின்னம்மாவிடம் இருந்ததோ பொத்தான் வைத்த பழைய தொலைபேசி. வரிசையில் பின்னால் நின்ற சிங்களப் பெண்பிள்ளை ஒருத்தி தன்னுடைய தொலைபேசியில் அதைப் படமெடுத்து, கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் சின்னம்மாவின் மகனுக்கு அனுப்பிவைத்தாள். அவள் நன்றாக இருக்கட்டும். மூன்று நாளும் சின்னம்மாவுக்குப் ‘பேர்’ விழவில்லை. பேர் என்றால் தோட்டத்து மொழியில் ஒரு நாட்சம்பளம். அன்றைக்கு ஒரு பேருக்கு ஆயிரம் ரூபா. ஆக, பஸ் காசு நீங்கலாக மூவாயிரம் ரூபா கொடுத்து, இலவச மருத்துவத்தில் ஓர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார்.

வலப்பக்க நுரையீரலின் மேற்பகுதியில் காசநோய். சளிப் பரிசோதனையும் அதையே உறுதி செய்தது. ஆறு மாதம் மாத்திரை உட்கொண்டு இப்போது சுகமாக இருக்கிறார். ஆனால் அந்த நான்கு மாதமும் அவர் உறங்கியது, மகளும் மருமகனும் இரண்டு பேரப்பிள்ளைகளும் உறங்கும் அதே லயக்காம்பராவில். பேரப்பிள்ளைகளில் இளையவனுக்கும் மாத்திரை தொடங்கவேண்டியதாயிற்று.

அண்மையில் அங்கே போயிருந்தபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்: “சின்னம்மா, அதுக்கு முன்னால எக்ஸ்ரே எடுத்ததே இல்லையா?”

“ஏன் இல்ல தம்பி? குவைத்துக்குப் போறப்ப எடுத்தாங்களே. படத்த எனக்குக் காட்டல. ‘ஃபிட்’டுன்னு ஒரு தாளு குடுத்தாங்க.”

அந்த ஒரு சொல்லைத்தான் நான் இறம்பொடையிலிருந்து கொழும்புவரை பஸ்ஸில் சுமந்துகொண்டு வந்தேன். இங்கே எந்த வைத்தியசாலையின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. அங்கு வேலை செய்வோரைக் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமும் அன்று. அவர்கள் இல்லாமையோடு மல்லுக்கட்டுபவர்கள். என் குற்றச்சாட்டு ஓர் ஏற்பாட்டின் மீது. மலையகத் தொழிலாளியின் நெஞ்சை ஊடுருவிப் பார்க்க இந்த உலகம் விரும்பியபோதெல்லாம் பார்த்திருக்கிறது. அவளுக்காகப் பார்த்தது மட்டும் அரிது.

நான் கலைப் பட்டதாரி. பௌதிகவியலோடு எனக்கிருந்த உறவு சாதாரண தரப் பரீட்சையோடு முடிந்துவிட்டது. ஆயினும் சின்னம்மாவின் கதைக்குப் பிறகு, இந்த எக்ஸ்ரே எனப்படும் ஊடுகதிர்தான் என்ன, அது எட்டாப் பொருளாக இருப்பதற்கு அதன் இயல்பிலேயே ஏதாவது காரணம் உண்டா என்று தேடிப் படித்தேன். படித்தவற்றின் சாரம் இது.

காற்று நீக்கிய ஒரு குழாய். அதன் ஒரு முனையில் மின்குமிழில் இருப்பதைப் போன்ற மெல்லிய கம்பி. அது சூடேறும்போது இலத்திரன்கள் (தமிழகத்து அன்பர்களுக்கு எலக்ட்ரான்கள்) கிளம்புகின்றன. எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இங்கோ நெஞ்சுப் படத்துக்கு ஒரு இலட்சம் வோல்ட் அளவிலான மின்னழுத்தம் அந்த இலத்திரன்களைத் துரத்துகிறது. அவை எதிர்முனையிலுள்ள தங்குதன் தகட்டில் மோதி நிற்கின்றன. தங்குதன் என்பது தமிழகத்தார் டங்ஸ்டன் என்று சொல்லும் உலோகம், எளிதில் உருகாதது. மோதலின் சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வெறும் வெப்பமாகிவிடுகிறது. எஞ்சிய ஒரு பங்குக்கும் குறைவானதே ஊடுகதிர். அதுவும் ஒளியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்; அலைநீளம் மட்டும் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது.

இந்தக் கதிர் உடலுக்குள் புகுந்தபின் நடப்பதைத் தேயிலைத் தொழிற்சாலையின் சல்லடை அறையைப் பார்த்தவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். சல்லடை எல்லாவற்றையும் ஒரே விதமாக விடுவதில்லை. உடலும் அப்படியே. தசையும் நீரும் ஐதரசன், காபன், ஒட்சிசன் போன்ற இலேசான அணுக்களால் ஆனவை. அவற்றின் அணுவெண்கள் 1, 6, 8. எலும்பில் கல்சியமும் பொசுபரசும் உண்டு. அவற்றின் அணுவெண்கள் 20, 15. அணுவெண் இரட்டித்தால் கதிரை விழுங்கும் திறன் இரட்டிப்பதில்லை, ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. எனவே எலும்பு கதிரைத் தடுத்து வெள்ளையாகத் தெரிகிறது. காற்று நிறைந்த நுரையீரல் கதிரை விட்டுவிட்டுக் கறுப்பாகத் தெரிகிறது. காற்று இருக்கவேண்டிய இடத்தில் சீழும் நீரும் நிறைந்தால் அந்தக் கறுப்பில் வெள்ளை மேகம் படிகிறது. சின்னம்மாவின் நெஞ்சில் இருந்தது அந்த மேகந்தான். எக்ஸ்ரே என்பது, ஆக, ஒரு நிழல். அதைவிடப் பெரிய மாயம் எதுவும் அதில் இல்லை.

இந்த நிழலை உலகம் முதலில் கண்டது 1895இல். ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் ரோண்ட்ஜன் என்ற பேராசிரியர், நவம்பர் 8ஆம் திகதி, கறுத்த மட்டையால் மூடிய குழாயொன்றில் மின்சாரம் பாய்ச்சியபோது, சற்றுத் தள்ளியிருந்த இரசாயனம் பூசிய திரை ஒளிர்வதைக் கண்டார். டிசெம்பர் 22ஆம் திகதி தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். விரலெலும்புகளும் மோதிரமும் அதில் தெரிந்தன. பௌதிகவியலுக்கான முதலாவது நோபல் பரிசு 1901இல் அவருக்கே வழங்கப்பட்டது. நான் வாசகர் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது வேறு இரண்டு செய்திகளை. ஒன்று, தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அது எல்லாருக்கும் உரியதென்று விட்டுவிட்டார். மற்றது, அதன் வேகம். 1896 ஜனவரி 11ஆம் திகதியே இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஜோன் ஹோல்-எட்வர்ட்ஸ் என்ற வைத்தியர், ஒரு கைக்குள் புதைந்திருந்த ஊசியை இக்கதிரால் படமெடுத்துவிட்டார். ஆய்வறிக்கை வெளிவந்து இரண்டே வாரங்கள்! இன்றைக்கு நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து, எங்கள் சின்னம்மாவின் இருமலை இக்கதிர் வந்தடைய நான்கு மாதங்கள்.

“அது போக்குவரத்துச் சிரமமான மலைப்பிரதேசம், இயந்திரத்தை எங்கெல்லாம் கொண்டுபோவது?” என்று கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேரி கியூரி அம்மையாரின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டபோது, குண்டடிபட்ட படையினர் எக்ஸ்ரே இருந்த நகரங்களுக்கு வந்துசேருமுன்னே மாண்டுபோவதை அவர் கண்டார். உடனே மோட்டார் வண்டிகளில் எக்ஸ்ரே கருவியை ஏற்றினார். வண்டியின் இயந்திரத்தோடு ஒரு டைனமோவைப் பூட்டி மின்சாரம் எடுத்தார். தாமே வண்டி ஓட்டக் கற்றார். பதினேழு வயது மகள் ஐரீனையும் கூட்டிக்கொண்டு போர்முனைக்குப் போனார். சுமார் 150 பெண்களுக்கு இத்தொழிலைப் பயிற்றுவித்தார். சேற்றிலும் குண்டு மழையிலும் 1914இல் ஒரு பெண்மணி செய்ததை, தார் போட்ட ஏ-5 வீதியில் இன்று செய்ய இயலாது என்று சொல்பவர்கள் எந்த நூற்றாண்டில் வாழ்கிறார்கள்?

போர்க்காலம் வேறு என்பீர்களாயின், அமைதிக்காலத்துக்கும் உதாரணம் உண்டு. 1957 மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஐந்தே வாரங்களில், ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நெஞ்சுப் படம் எடுத்தார்கள். தெருத்தெருவாக வண்டிகள் போயின. நோக்கம் ஒன்றே: ஒளிந்திருக்கும் காசநோயைத் தேடிப் பிடிப்பது. அந்நகரம் குடித்த தேநீரில் எங்கள் மலைகளின் கொழுந்தும் கலந்திருந்திருக்கும். தேயிலை அங்கே போனது. வண்டி இங்கே வரவில்லை.

இனி, நான் சொல்லவந்த கசப்பான பகுதி.

எங்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து இத்தீவுக்கு வந்தபோது அவர்களுடைய உடல் சோதிக்கப்படாமல் விடப்படவில்லை. இராமேஸ்வரத்துக்கு அண்மையிலுள்ள மண்டபத்தில், இந்திய மண்ணிலேயே, இலங்கை அரசு ஒரு முகாம் நடத்தியது. தோட்டங்களுக்கு வரும் தொழிலாளர் அங்கே தடுத்துவைக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டார்கள். அம்மையோ வாந்திபேதியோ தீவுக்குள் நுழையக்கூடாது என்பது நோக்கம். அந்த நோக்கத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் அந்தச் சோதனை தொழிலாளியின் நலத்துக்காகச் செய்யப்பட்டதா, அவனை வாங்கும் இடத்தின் நலத்துக்காகச் செய்யப்பட்டதா என்று மட்டும் கேட்கிறேன்.

மண்டபம் முகாமின் காலம் போய்விட்டது. இப்போது வளைகுடாவின் காலம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்பவர்கள், அந்நாடுகள் அங்கீகரித்த நிலையங்களில் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படவேண்டும். அதில் நெஞ்சு எக்ஸ்ரே கட்டாயம். பழைய காசநோயின் தழும்பு தெரிந்தாலே வாய்ப்புப் போய்விடும். இப்படியாக, மலையகப் பெண்கள் பலருக்கு வாழ்நாளின் முதலாவது நெஞ்சுப் படம் எடுக்கப்படுவது அவர்களை வேலைக்கு எடுக்கும் வீட்டுக்காரருக்காக. படம் நிலையத்திடம், முடிவு முகவரிடம், அவளிடம் ஒரு சொல். இருபது வயதிலிருந்து இருமிக்கொண்டிருப்பவளைத் தேடி எந்த எக்ஸ்ரேயும் வரவில்லை. அவள் ஏற்றுமதிப் பண்டமானதும் எக்ஸ்ரே தேடி வருகிறது. ஏற்றுமதிக்கு முன் தேயிலையைத் தரம் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கும் இது புதிதன்று. பிரித்தானியாவுக்கோ கனடாவுக்கோ விசா விண்ணப்பித்தபோது சட்டையைக் கழற்றி, தகட்டில் நெஞ்சை ஒட்டி, மூச்சை அடக்கி நின்றது உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அங்கே சென்றடைந்தபின், இருமல் வந்தால் உங்களுக்காகவும் ஒரு படம் எடுக்கிறார்கள். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

தொழிலாளரின் மருத்துவத்துக்குத் தோட்டம் பொறுப்பு என்பது புதிய கோரிக்கையன்று. வெள்ளையர் ஆட்சியிலேயே, 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அதைச் சொல்லிற்று. பிறகு 1948இல் குடியுரிமை பறிபோனது. நாட்டின் ஏனைய கிராமங்களில் இலவச மருத்துவம் வேரூன்றிய காலத்தில் நாங்கள் நாடற்றவர்களாக இருந்தோம். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். தோட்ட வைத்தியசாலைகளில் சிலவற்றை அரசு பொறுப்பேற்றது, மற்றவை பழையபடியே. இன்று ஒரு தொழிலாளியின் நுரையீரலுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், கம்பனி அரசைக் காட்டுகிறது, அரசு கம்பனியைக் காட்டுகிறது. இருவரும் சேர்ந்து காட்டுவது பஸ் தரிப்பிடத்தை.

எதிர்வாதங்களையும் கேட்டுவிடுவோம்.

முதலாவது, கதிர் ஆபத்தானது என்பது. உண்மைதான். அதை அறிய உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. மேலே சொன்ன ஹோல்-எட்வர்ட்ஸின் இடக்கை 1908இல் வெட்டி அகற்றப்பட்டது. எடிசனின் உதவியாளராக எக்ஸ்ரே ஆய்வில் ஈடுபட்ட கிளாரன்ஸ் டாலி 1904இல் புற்றுநோயால் மாண்டார். இப்படி உயிர்விட்டவர்களுக்கு ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் 1936இல் ஒரு நினைவுத்தூணே எழுப்பப்பட்டது. அவர்கள் நாள்தோறும் மறைப்பின்றிக் கதிரில் நின்றவர்கள். இன்றைய ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர் அளவோ, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக நாம் சில நாட்களில் பெறும் அளவுதான். இயந்திரத்தை இயக்குபவர் இரு மடங்கு தள்ளி நின்றால் அவர்மீது படுவது காற்பங்காகக் குறையும். ஈயத்தகடு மிகுதியைத் தடுக்கும். ஈயம் எங்கள் மலைகளுக்குப் புதிதன்று. தேயிலையை ஈரம் தொடாதிருக்க மரப்பெட்டிகளின் உட்புறம் ஈயத்தகடு பொதித்து லண்டனுக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. இலைக்கு அந்த அக்கறை கிடைத்த நாட்டில், அதைப் பறித்தவளுக்கான படத்தை மட்டும் ஆபத்தென்று சொல்லி மறுப்பது நியாயமா? அளவையும் மறைப்பையும் கண்காணிக்க 2014ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் ஓர் ஒழுங்குபடுத்தல் பேரவை இயங்குகிறது. அதன் விதிகளுக்குட்பட்டே செய்யலாம்.

இரண்டாவது, மின்சாரம். இறம்பொடையிலிருந்து கீழே நோக்கினால் கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும். 1985இல் இயங்கத் தொடங்கிய கொத்மலை மின்னிலையத்தின் கொள்ளளவு 201 மெகாவாட். இந்த மலைகளின் நீர்தான் நாட்டுக்கு விளக்கேற்றுகிறது. இந்த மலைகளில் ஓர் எக்ஸ்ரே குழாய்க்கு மின்சாரம் போதாது என்பவரோடு வாதிட என்னால் இயலாது. அன்றியும், இன்று மின்கலத்தில் இயங்கும், நான்கு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள எக்ஸ்ரே கருவிகள் வந்துவிட்டன. ஒரு பெண் கூடையில் சுமக்கும் கொழுந்தின் எடையில் அது ஒரு சிறு பங்கு. பிலிமும் வேண்டாம், படம் கணினியில் விழும்.

மூன்றாவது, படத்தைப் படித்துச் சொல்ல நிபுணர் இல்லை என்பது. படம் இணையத்தில் நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ ஒரு நிமிடத்தில் போய்ச்சேரும். காசநோயைத் தேடுவதில் கணினி நெஞ்சுப் படத்தைப் படிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. கணினி சந்தேகத்தைச் சொன்னால் போதும். சளிப் பரிசோதனை அதை உறுதி செய்யும்.

நான்காவது வாதம் எங்கள் சொந்த அரசியல்வாதிகளுடையது: எக்ஸ்ரே என்ன எக்ஸ்ரே, பெரிய வைத்தியசாலையே கட்டித்தருவோம் என்பது. கட்டட்டும். டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை கட்டப்பட்டு, 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடியால் திறந்துவைக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் டிக்கோயா வேறொரு பள்ளத்தாக்கு. கட்டடத்துக்கு அடிக்கல் உண்டு, நாடா உண்டு, பெயர்ப்பலகை உண்டு. லயத்து வாசலுக்கு வந்துபோகும் ஒரு வண்டிக்கு இவை எதுவும் இல்லை. அதனாற்றான் அதைக் கேட்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை.

இவ்விடத்தில் என்னையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவேண்டும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் மலையகம் பற்றி எழுதியிருக்கிறேன். சம்பளம் பற்றி எழுதினேன், காணி பற்றி எழுதினேன், தொழிற்சங்கப் பிளவுகளைப் பக்கம் பக்கமாக எழுதினேன். தொழிலாளியின் நுரையீரல் பற்றி ஒரு பத்திகூட எழுதியதில்லை. 2025 மே 11ஆம் திகதி அதிகாலையில் கதிர்காமத்திலிருந்து குருணாகல் நோக்கிச் சென்ற பஸ் இறம்பொடைக்கு அருகே கெரண்டியெல்லவில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, நாட்டின் எல்லாக் கமராக்களும் அங்கே திரும்பின. விபத்தை ஊடகம் காணும். அதே மலையில், ஒவ்வொரு லயமாக, ஓசையின்றி நிகழ்வதைக் காண வேறொரு கமரா வேண்டும். அது 1895இலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

என் கோரிக்கை சிறியது. தோட்டப் பிரதேசங்களில் சுற்றிவரும் எக்ஸ்ரே வண்டிகள், பிரட்டுக்களத்துக்கே வரட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் எவருக்கும், காசநோயாளியோடு ஒரே காம்பராவில் உறங்கும் எவருக்கும், பேர் இழக்காமல் படம். கதிர்ப்படவியலாளர் பயிற்சிக்கு மலையகத்துப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். கம்பனியும் அரசும் செலவை எப்படிப் பங்கிடுவது என்பதை அவர்கள் பேசித் தீர்க்கட்டும். இருமுகிறவர் அதுவரை காத்திருக்கக்கூடாது. கடைசியாக ஒன்று: படத்தை எடுத்தவுடன் அது யாருடைய நெஞ்சோ அவருக்கே முதலில் காட்டப்பட வேண்டும்.

விடைபெறும்போது என் தொலைபேசியில் அந்தப் படத்தைச் சின்னம்மாவுக்குப் பெரிதாக்கிக் காட்டினேன். மகன் எனக்கு அனுப்பியிருந்தான். அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை மேகத்தின் மீது விரலை வைத்து, “இங்கதானா தம்பி இருந்துச்சு?” என்று கேட்டார்.

ஐம்பத்தெட்டு வயதுவரை இரண்டு முறை படமெடுக்கப்பட்ட ஒருவர், தம் நெஞ்சை முதன்முறையாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.